டெல்பர்ட் டயர் வாங்கிய கதை

எங்கள் டிரெய்லர் பார்க்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், டயரைப் பற்றி டெல்பர்ட் ஹாஸ்கின்ஸுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று. எனக்கும் அதில் மறுப்பில்லை. எல்லாம் தெரிந்த மனிதர்தான். வாங்க மட்டும்தான் தெரியாது.

நான் ரோண்டா. இந்தப் பார்க்கை மேற்பார்வை பார்க்கிறவள். அரிசோனா பாலைவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் முள்மரங்களுக்கு நடுவே சரளைக்கல் கொட்டிய ஒரு திடல். அக்டோபர் பிறந்தால் போதும், வடக்கே பனிக்குப் பயந்த கிழடுகள் எல்லாம் தங்கள் டிரெய்லர் வீட்டைப் பிக்கப் லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கிவிடும். ஏப்ரலில் வெயில் ஏறியதும் திரும்பவும் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நடுவில் அவர்களுக்குச் சாக்கடை அடைப்பெடுப்பது, நாய்ச் சண்டை தீர்ப்பது, குப்பைத் தொட்டியைக் காலி செய்வது என்று எல்லாம் என் தலையில். கிழடு என்று சொன்னேனே, என் வயதும் எழுபதைத் தாண்டியாயிற்று, ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டெல்பர்ட் நெட்டையான ஆள். பெரிய தொந்தி. அது கீழே இறங்கிவிடாமல் தோளோடு பட்டை போட்டு இழுத்துக் கட்டிய கால்சட்டை. சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், டயரில் காற்று அளக்கிற ஒரு மானி. புதிதாக யாராவது வந்து வண்டியை நிறுத்தி, இன்னும் மரக்கட்டை வைத்து மட்டம் பார்த்து முடித்திருக்க மாட்டார்கள், அதற்குள் இவர் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

"இது எந்த வருஷத்து டயர்னு தெரியுமா உங்களுக்கு?"

வந்தவர் விழிப்பார். பயணக் களைப்பில் மூத்திரம் போகக்கூட நேரமில்லாமல் நிற்கிற மனிதர் பாவம்.

"டயர் பட்டன் தேயலையேன்னு பாக்காதீங்க. டிரெய்லர் டயர் தேஞ்சு சாகாது, நின்னு சாகும். வருஷத்துக்கு ரெண்டு தடவ ஓடுது, மிச்ச நாளெல்லாம் வெயில்ல நிக்குது. மேல புதுசு மாதிரி இருக்கும், உள்ள உளுத்துப் போயிருக்கும். இதோ பாருங்க, ஓரத்துல நாலு எண்ணு. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டிச்சா, தூக்கிப் போட்டுடுங்க."

சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல் தப்பில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் பார்க்கில் பாதிப் பேர் டயர் மாற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றிக்கொள்வது இங்கே வழக்கம். அந்த வட்டத்தில் டெல்பர்ட்டுக்கு என்று ஒரு தனி இடம். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டே பக்கத்தில் நிற்பார்.

அப்பேர்ப்பட்ட மகானின் டிரெய்லரில்தான் போன அக்டோபரில் டயர் வெடித்தது. பார்க் வாசலுக்குக் கொஞ்ச தூரம் முன்னால். வெடித்த ரப்பர் சும்மா போகவில்லை, சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டைக் கிழித்து, சமையலறைக்கு அடியில் போகிற தண்ணீர்க் குழாயையும் பிய்த்துக்கொண்டு போனது. வெர்னாவின் பீங்கான் தட்டுகள் பாதி காலி. வெர்னா அவர் மனைவி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் டெல்பர்ட் பேச ஆரம்பித்தால் வெர்னா ஞாபகத்துக்கு வருவது எல்லாருக்குமே கஷ்டம்தான்.

அன்றைய நான்கு மணி வட்டத்தில் அவர் சொன்னார், "ஆணி. ரோட்டுல எவனோ போட்டுட்டுப் போன ஆணி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். ஆனால் குப்பைத் தொட்டி காலி செய்கிறவள் நான். அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் திணித்து ஒளித்து வைத்திருந்தார் அந்தப் பிய்ந்த டயரை. ஆணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஓரமெல்லாம் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஊரார் டயரில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிற அந்த நான்கு எண்களைத் தேடினேன். என் நாயைவிட அந்த டயருக்கு வயது அதிகம். அவருடைய வண்டியில் அந்த எண் உட்பக்கமாகத் திரும்பியிருந்திருக்கிறது. பார்க்க வேண்டுமானால் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு யார் நுழைவது? ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் உளுத்த ரப்பர். வெர்னாவுக்காக நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்று வெடித்தாயிற்று. மிச்சம் மூன்றும் அதே வயது. நான்கையும் மாற்றாமல் வண்டி நகரக் கூடாது. இது டெல்பர்ட்டே ஒத்துக்கொண்ட விஷயம். அன்றைக்கு ஆரம்பித்தது ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்றால் அவருக்குப் புதிதில்லை. நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். வீடு எரிந்தது, கூரை பறந்தது என்று வருகிறவர்களின் மனுவைப் பார்த்து, உடனே பணம் கொடுத்துவிடாமல் இன்னும் ஒரு விவரம், இன்னும் ஒரு சான்று என்று கேட்டு இழுத்தடிப்பதுதான் வேலை. அதில் கெட்டிக்காரர் என்று கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். டிரெய்லருக்குள் அதை மாட்டி வைத்திருக்கிறார். வெர்னா அதே ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். நெப்ராஸ்கா பனியில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டியவள். ஆனால் ஓய்வு பெற்று டிரெய்லர் வாங்கிய நாளிலிருந்து டெல்பர்ட் அவளை வண்டியைத் தொடவிட்டதில்லை.

"பஸ் வேற, டிரெய்லர் வேற. இது பின்னால தனியா ஆடும். உனக்கு வராது."

வராதாம். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது மட்டும் அவள் வேண்டும். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கையைக் காட்டுவதுதான் இங்கே எல்லாத் தம்பதிகளுக்கும் முறை. கல்யாண உறுதி எப்படி என்று அப்போதுதான் தெரியும். நாங்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். வெர்னா சரியாகத்தான் காட்டுவாள். அவர் கேட்கமாட்டார். தண்ணீர்க் குழாயில் இடித்துவிட்டு, "இன்னும் பளிச்சுன்னு கை காட்டக் கூடாதா?" என்று அவளையே கத்துவார்.

ஜனவரியில் வடக்கே ஐடஹோ மாநிலத்திலிருந்து போன் வந்தது. வெர்னாவின் அண்ணன் லாய்ட். உருளைக்கிழங்கு போடுகிற விவசாயி, தனிக்கட்டை. அப்பா அம்மா போன பிறகு வெர்னாவை வளர்த்தது அவர்தான். கணையத்தில் புற்று. ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வசந்தம் வரை தாங்கலாம் என்றார்களாம்.

"விதைப்புக்கு முன்னாடி வந்துடு வெர்னா. வீட்டு முத்தத்துல வண்டிய நிறுத்திக்கோ. ராத்திரியில ஜன்னல் வழியா ஒன் வெளக்கு தெரிஞ்சா போதும்" என்றாராம் லாய்ட்.

அவ்வளவுதான் வெர்னாவுக்கு வேண்டியிருந்தது. நான்கு டயர், இரண்டு நாள் பயணம், அண்ணன் வீட்டு முற்றம்.

நான் அப்போதே சொன்னேன். "ஏன்டி, நான் ஒன்ன ஃபீனிக்ஸ்ல கொண்டுபோய் பிளைட் ஏத்தி விடுறேன். நாளைக்கே போ."

"டெல்பர்ட் ரெண்டு வாரத்துல கெளம்பிடலாம்னு சொல்றான் ரோண்டா. அங்க போயி மாசக்கணக்குல இருக்கணும். எங்க தங்குறது? வண்டி இருந்தா நல்லதுதானே. ரெண்டு வாரம்தானே."

அந்த இரண்டு வாரம் இருக்கிறதே, அதை டெல்பர்ட் ரப்பர் மாதிரி இழுத்தார். எப்போது கேட்டாலும் இரண்டு வாரம். ஒருநாளும் மூன்று என்று சொன்னதில்லை. மூன்று என்று சொல்லியிருந்தால் அவள் விமானத்தில் போயிருப்பாள்.

பிப்ரவரியில் ஒருநாள் ஊருக்குள் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எர்னி பரேடெஸின் டயர் கடையில் நிறுத்தினார் டெல்பர்ட். எர்னி அவரைப் பார்த்ததும் கையிலிருந்த சாப்பாட்டை மூடி வைத்தான். எத்தனையாவது தடவையோ.

"உங்க அளவுல டிரெய்லர் டயர் நாலு இருக்கு சார். போன நவம்பர்ல செஞ்சது. இப்பவே மாட்டிடலாமா?"

"சுமை எவ்வளவு தாங்கும்?"

"உங்க வண்டி எடைய விடக் கூடுதலாவே தாங்கும்."

"அதுக்கு மேல ஒரு வகை இருக்கே?"

"இருக்கு. அதுல காத்து ரொம்ப அடிக்கணும். வண்டி உள்ள சாமானெல்லாம் குலுங்கும்."

"அப்ப இது தாங்கலன்னா?"

"தாங்கும் சார்."

"நீ சொல்ற. எங்க செஞ்சது?"

எர்னி சொன்னான்.

"அந்த நாட்டு டயரா! அதப் பத்தி இணையத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா?"

"சரி, நம்ம நாட்டுல செஞ்சது இருக்கு. அது வேணுமா?"

"அதுவும் போன வருஷம் ஒருத்தருக்கு வெடிச்சிருக்கு."

"சார், உலகத்துல யாருக்கும் வெடிக்காத டயர் வேணும்னா, மாட்டாத டயர்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெர்னா சிரிக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த புது டயர் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"டெல்பர்ட், இது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குன்னு எத வச்சுச் சொல்ற?"

வெர்னா டயரின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். லாரி டயரை டிரெய்லருக்குப் போடலாமா, காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா என்று இன்னும் நெடுநேரம் எர்னியின் உயிரை வாங்கிவிட்டு, "ரெண்டு வாரத்துல வரேன்" என்று சொல்லி வெளியே வந்தார் மகான். போகிற வழியில் மெத்தைக் கடை ஒன்றைப் பார்த்து, தான் ஒரு மெத்தையை ஏழு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த கதையை எனக்குச் சொன்னார். அந்த மெத்தை வருகிறவரை அவர்கள் தரையில் படுத்ததை அவர் சொல்லவில்லை. வெர்னா சொன்னாள், பிறகு.

அது மட்டுமில்லை. ஒருநாள் துணி துவைக்கிற அறையில், இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்த சத்தத்தில், வேறொன்றும் சொன்னாள். குழந்தை வேண்டுமா என்ற பேச்சு வந்தபோதெல்லாம் டெல்பர்ட் மறுக்கவே இல்லையாம். நல்ல வட்டாரமாகப் பார்த்து வீடு மாறிய பிறகு என்றாராம். பிறகு பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு வட்டி விகிதம் இறங்கட்டும் என்றாராம்.

"அவன் வேணாம்னு ஒரு தடவகூடச் சொல்லல ரோண்டா. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பாத்துக்கிட்டே இருந்தான். எனக்கு நாப்பத்தி மூணு ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு ஈரத்துணியை எடுத்து உலர்த்தும் இயந்திரத்தில் போட்டாள். எனக்கு அந்த ஆளின் கேடயத்தை எடுத்து அவர் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது.

இவ்வளவு இழுக்க என்ன காரணம் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். லாய்டிடம் அவருக்குப் பகை ஒன்றுமில்லை. பணத்துக்கும் குறைவில்லை. விஷயம் அற்பமானது, அந்த ஆளைப் போலவே. தான் ஒரு டயரை வாங்கி மாட்டிவிட்டால், பார்க்கே வந்து பார்க்கும். 'ஓ, டெல்பர்ட் போட்டது இதுதானா' என்று நான்கு பேர் அதையே வாங்குவார்கள். அதில் ஒன்று வெடித்தால்? ஏற்கெனவே ஆணிக் கதை ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார். இரண்டாவது ஆணிக்கு எங்கே போவது? வாங்காதவரைக்கும் அவர் சொன்னது தப்பாகாது. நாற்காலி பத்திரம். இதற்காக ஒரு மனிதன் ஐடஹோவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

மார்ச் நடுவில் நான்கு மணி வட்டத்தில், என்றைக்கும் வாயைத் திறக்காத வெர்னா எழுந்து நின்றாள். கையில் போன். அப்போதுதான் லாய்டிடம் பேசியிருக்கிறாள்.

"டெல்பர்ட். லாய்டு கொரலே வரல. எப்பக் கெளம்புறோம்னு இவங்க முன்னாடி சொல்லு."

டெல்பர்ட் கிளாஸைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆரம்பித்தார்.

"வெர்னா, அவசரப்பட்டுக் கண்டத மாட்டிக்கிட்டுப் போயி, நடுவழியில வெடிச்சு நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்தோம்னா, லாய்டுக்கு என்ன லாபம்? அவரு நம்ம சாவுக்கு வர்ற நெலமையிலயா இருக்காரு?"

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும், எழுதத்தான் மனமில்லை. ஒருவர், "டெல்பர்ட் சொல்றதும் நியாயம்தான்மா, டயர் விஷயத்துல வெளையாடக் கூடாது" என்றார். வெர்னா உட்கார்ந்துவிட்டாள். டெல்பர்ட் தன் கிளாஸில் இருந்ததைக் குடித்துவிட்டு, டயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்ற வேகத் தரத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினார்.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் அவர்கள் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். டிரெய்லர் கதவு திறந்தது. வெர்னா படியில் வந்து நின்றாள். போன் கையிலேயே இருந்தது. முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

டெல்பர்ட் வெளியே மேசை போட்டு, மடிக்கணினியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"லாய்டு போயிட்டாரு" என்றாள் வெர்னா. "காலையில. பக்கத்து வீட்டுக்காரங்க காப்பி எடுத்துட்டுப் போயிப் பாத்திருக்காங்க."

டெல்பர்ட் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவள் தோளில் கையை வைத்தார். இந்த மட்டுக்கும் மனிதன்தான் என்று நினைத்தேன்.

"பாவம் லாய்டு. நல்ல மனுஷன்." பெருமூச்சு ஒன்று விட்டார். பிறகு சொன்னார், "சரி விடு. இனிமே நமக்கு அவசரம் இல்ல பாரு. நிதானமாப் பாத்து, நல்லதா வாங்கலாம்."

இதற்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத என் கை வராது.

வெர்னா அழவில்லை. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தோளிலிருந்து அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள், யாருடைய கையையோ விடுவதைப்போல. உள்ளே போய் லாரி சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரோண்டா, எர்னி நம்பர் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். போட்டுக் கொடுத்தேன். அவள் பேசியது முழுக்க இதுதான்:

"எர்னி, நான் வெர்னா ஹாஸ்கின்ஸ். பிப்ரவரியில காட்டினீங்களே, அந்த நாலு இன்னும் இருக்கா? ... சரி. எடுத்துட்டு வந்து இங்கயே மாட்டிக் குடுங்க. வால்வும் புதுசு போட்டுடுங்க."

டெல்பர்ட் பின்னாலேயே நடந்தான். "எந்த நாலு? வெர்னா, எந்த நாலு? சுமைத் தரம் என்னன்னு கேட்டியா? செஞ்ச தேதி கேட்டியா?"

எர்னி வேனில் பலகையும் ஜாக்கியும் காற்று இயந்திரமும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். ஒரு சக்கரத்தைத் தூக்கினான், கழற்றினான், மாட்டினான், அடுத்தது. டெல்பர்ட் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தான். "இதுக்கு உத்தரவாதம் யாரு?" என்றான். எர்னி நட்டுகளை முறுக்கிக்கொண்டே, "மேடம், அம்பது மைல் போனதும் நிறுத்தி ஒரு தடவ நட்டெல்லாம் இறுக்கிடுங்க" என்று வெர்னாவிடம் மட்டும் சொன்னான். வெர்னா உள்ளே தட்டுகளைத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குழாயையும் கரண்ட் வயரையும் கழற்றிச் சுருட்டினேன். எர்னி கிளம்பும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இனி லாரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரின் கொக்கிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். வெர்னா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கை காட்ட நான் பின்னால் போய் நின்றேன். அதற்குள் பார்க் முழுக்க நாற்காலியோடு வந்துவிட்டது. எனக்கு வேலையே வைக்கவில்லை அவள். ஒரே தடவை. லாரியின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டு கொக்கிக்கு அடியில் வந்து நின்றது, அளந்து வைத்ததைப்போல. யாரோ கைதட்டினார்கள். வெர்னா இறங்கி வந்து சங்கிலியை மாட்டினாள், விளக்கு வயரைச் சொருகினாள், பிரேக் விளக்கு எரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள்.

டெல்பர்ட் தன் மேசைப் பக்கத்தில் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏறு" என்றாள் வெர்னா. "சனிக்கிழமை அடக்கம். வர்றதா இருந்தா ஏறு."

"நான் அலசாத டயரு. இத நம்பி நான் ஏற மாட்டேன்."

அவனுக்கு இது பெரிய ஆயுதம். நாற்பது வருடமாகப் பலித்த ஆயுதம். அவன் நின்றால் அவளும் நிற்பாள், அதுதான் கணக்கு. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, வட்டத்தில் உட்காருகிறவர்களை ஒரு பார்வை பார்த்தான், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல.

"சரி" என்றாள் வெர்னா.

கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது. சரளைக்கல் நொறுங்க, புது டயர் நான்கும் அவன் முன்னால் உருண்டு போயின. வளைவில் டிரெய்லரின் பின்முனை குப்பைத் தொட்டியில் உரசாமல் அகலமாக எடுத்தாள், பஸ் ஓட்டியவள் எடுப்பதுபோல. நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பினாள். டெல்பர்ட் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தான். தொந்தி விடவில்லை.

சாயங்காலம் என் கதவைத் தட்டினான். தன் படுக்கை, கேடயம், மாத்திரை எல்லாம் ஐடஹோ போய்க்கொண்டிருக்கின்றன என்று புலம்பினான். மாத்திரைக்கு மட்டும் நான் வெர்னாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மேசைக்கு அடியில் ஒரு பையில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், மாற்றுத்துணியோடு. அவளுக்கு இருந்த மனசு எனக்குக் கிடையாது.

"ரோண்டா, நான் இன்னிக்கு எங்க படுக்குறது?"

"ஒன் எடத்துக்கு மாசக் கடைசி வரைக்கும் வாடகை கட்டியிருக்கு. ஒரு கூடாரம் வாங்கிப் போட்டுக்கோ. ஊர்க் கடையில இருக்கு."

இரண்டு படி இறங்கித் திரும்பி வந்தான். பிறகு கேட்டான், "கூடாரத்துல எது நல்லா இருக்கும்? ஒரு கம்பு வச்சதா, ரெண்டு கம்பு வச்சதா?"

கதவைச் சாத்திவிட்டேன். அவன் அந்த வாரம் முழுக்கத் துணி துவைக்கிற அறையில் பெஞ்சில் படுத்தான். நான்கு மணி வட்டத்துக்கு வந்தான். அவன் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினான். அவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா கூப்பிட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளாம். ஐம்பது மைலில் நிறுத்தி நட்டு இறுக்கினாளாம். அடக்கம் முடிந்ததாம். லாய்டின் முற்றத்தில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறாளாம், அந்த ஜன்னலுக்கு நேராக.

"அந்தாளு வெளிய கூடாரம் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கான்டி" என்றேன், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று.

அவள் சிரிக்கவில்லை. டெல்பர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"ரோண்டா, எர்னி நாலையும் மாட்ட ஒரு மணி நேரம்கூட எடுக்கல, இல்ல?"

"எடுக்கல."

"போன் பண்ணது நான். காசு குடுத்தது நான். வண்டிய எடுத்ததும் நான்தான். அவன் தடுக்கக்கூட இல்ல, பின்னாலயே பேசிக்கிட்டு வந்தான், அவ்வளவுதான்." அவள் குரல் உடைந்தது. "இத நான் ஜனவரியிலயே பண்ணியிருக்கலாமேடி. லாய்டு உசிரோட இருந்தாரே."

நான் என்ன சொல்வது? அவனைத் திட்டுவதற்கு என்னிடம் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை.